படகில் குடியேறுமுன் குளிர்காலத்துக்கு இடம் தேடுங்கள்

கேள்வி: எனக்கு 61 வயது, என் மனைவிக்கு 57. வல்வெட்டித்துறை எங்கள் பூர்வீகம். முப்பத்தைந்து ஆண்டுகளாக லண்டனில் வாழ்கிறோம். இருவரிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது. ரயில்வேயில் மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சொலென்ட் கடலில் பாய்மரப் படகுப் பயிற்சி முடித்திருக்கிறேன். கிரேக்கத்தின் அயோனியத் தீவுகளில் இரண்டு முறை வாடகைப் படகில் ஒவ்வொரு வாரம் சுற்றியிருக்கிறோம். இப்போது வீட்டை விற்றுவிட்டு, ஸ்பெயினின் மல்லோர்காத் தீவில் விலைக்கு வந்திருக்கும் 13 மீட்டர் நீளமான, 20 ஆண்டு பழைய படகை வாங்கி, அதிலேயே ஆண்டு முழுவதும் வாழ எண்ணுகிறோம். மே மாதம் புறப்பட்டு, பிரான்ஸ், இத்தாலிக் கரைகளை ஒட்டிச் சென்று, செப்டம்பருக்குள் கிரேக்கத்தை அடைவது திட்டம். படகில் எல்லா வசதிகளும் உண்டு என்கிறது விளம்பரம். இந்த மாத முடிவுக்குள் முன்பணம் கேட்கிறார்கள். என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் வரச் சம்மதித்திருக்கிறார். படகில் சமைப்பதைப் பற்றியும் கேட்கச் சொன்னார். விசா, செலவு, பாதுகாப்பு ஆகியவற்றில் நாங்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களுக்கு வழி இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை எங்கே இருப்பீர்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இருபது ஆண்டுகளாகப் படகு ஆய்வாளனாகவும், பிறர் வாங்கிய படகுகளைத் துறைமுகம் விட்டுத் துறைமுகம் கொண்டுபோய்ச் சேர்ப்பவனாகவும் இந்தக் கரைகளில் வேலை பார்க்கும் நான், படகில் குடியேற விரும்பி என்னிடம் வருகிற எல்லோரிடமும் முதலில் கேட்பது குளிர்காலத்தைப் பற்றித்தான். கோடையில் மத்தியதரைக் கடலில் படகில் இருப்பது யாருக்கும் பிடிக்கும். அந்த வாழ்க்கை நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது குளிர்காலமே. எந்த நாட்டில், எந்தத் துறையில், எத்தனை நாள் என்பது முடிவானால், எந்தப் படகு, எங்கே வாங்குவது, வீட்டை விற்பதா வேண்டாமா என்ற மற்றக் கேள்விகளெல்லாம் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். ஆகவே நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிப் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாள் கணக்கு. ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா, கிரேக்கம் ஆகியவை ஷெங்கன் எல்லைக்குள் இருக்கும் நாடுகள். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் அதில் சேர்ந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரித்தானியா விலகிய பிறகு, உங்கள் கடவுச்சீட்டுக்கு இந்த நாடுகள் அனைத்தும் சேர்ந்து ஒரே நாடு. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் அங்கே இருக்க முடியாது. மே 1 அன்று மல்லோர்காவில் இறங்கி இடைவிடாமல் இருந்தால், ஜூலை 29 உங்கள் 90ஆம் நாள். மறுபடி உள்ளே வர அக்டோபர் 28 வரை காத்திருக்க வேண்டும். நீங்கள் கிரேக்கத்தை அடையத் திட்டமிட்டிருக்கும் செப்டம்பரில், சட்டப்படி நீங்கள் அங்கே இருக்கவே முடியாது. முன்பெல்லாம் மங்கிப்போன முத்திரைகளைப் புரட்டிப் பார்த்து அதிகாரிகள் கணக்கிட்டார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ள புதிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து, நாட்களைக் கணினியே எண்ணுகிறது. ஒரு வாரம் கூடிப்போனால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற பழைய நம்பிக்கைக்கு இனி இடமில்லை.

இதனால்தான் மேற்கிலிருந்து தொடங்க வேண்டாம் என்கிறேன். மல்லோர்காவிலோ இத்தாலியின் சார்டினியாத் தீவிலோ இருக்கும்போது நாட்கள் தீர்ந்தால், ஷெங்கனுக்கு வெளியே போக உங்களுக்குள்ள நடைமுறை வழி பெரும்பாலும் துனீசியாதான். சார்டினியாவிலிருந்தே அதற்கு ஓர் இரவும் பகலும் திறந்த கடலில் போக வேண்டும்; மல்லோர்காவிலிருந்து இன்னும் அதிகம். கிழக்கில் நிலைமை வேறு. கிரேக்கத்தின் கோர்ஃபுத் தீவிலிருந்து பார்த்தால் அல்பேனியாவின் சரண்டா நகரத்து விளக்குகள் தெரியும். கோஸ் தீவிலிருந்து துருக்கியின் போட்ரும் அரை நாள் பயணம். கிரேக்கத்தின் காஸ்டெல்லோரிஸோவும் துருக்கியின் காஷும் எதிரெதிர்க் கரைகள். துருக்கியும் பிரித்தானியர்களுக்கு 180 நாளில் 90 நாள் அனுமதிக்கிறது. அது தனிக் கணக்கு. மே 1 முதல் ஜூலை 29 வரை கிரேக்கத்திலும், ஜூலை 30 முதல் அக்டோபர் 27 வரை துருக்கியிலும் இருந்தால், இரண்டு தொண்ணூறுகளும் ஒன்றையொன்று இடிக்காமல் அடுத்தடுத்து அமைகின்றன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நாடு மாறும்போது நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனால் மட்டும் போதாது. வெளியேறும் நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட துறைமுகத்தில் வெளியேற்றப் பதிவும், நுழையும் நாட்டில் நுழைவுப் பதிவும் செய்ய வேண்டும். இல்லையென்றால் நீங்கள் வெளியே இருந்த நாட்களும் உள்ளே இருந்தவையாகவே எண்ணப்படும்.

ஆளுக்கு ஒரு கடிகாரம் இருப்பதுபோலப் படகுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். ஒன்றியத்துக்கு வெளியே பதிவான, மதிப்புக்கூட்டு வரி கட்டாத படகை, ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் உரிமையாளர் 18 மாதங்கள் வரை வரியின்றி உள்ளே வைத்திருக்கலாம். அதற்குள் ஒருமுறை துருக்கி, அல்பேனியா, மொண்டெனேக்ரோ போன்ற நாட்டுக்குக் கொண்டுபோய் வந்தால் 18 மாதம் புதிதாகத் தொடங்கும். நீங்கள் பார்த்திருக்கும் மல்லோர்காப் படகு ஒன்றியத்துக்குள் வரி கட்டிய படகாக இருக்கலாம். அப்படியானால் இந்தக் காலக்கெடு அதற்குப் பொருந்தாது. ஆனால் வரி கட்டியது என்று விற்பவர் வாயால் சொல்வது போதாது. முதல் விற்பனைப் பட்டியலின் மூலப்படியோ, வரி கட்டிய சான்றோ உங்கள் கைக்கு வர வேண்டும். அந்தத் தாள் இல்லாத படகின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது மலிவான படகு அல்ல.

நாள் போதவில்லை என்று பிரான்ஸின் நீண்டகால விசாவையோ வேறொரு நாட்டின் வதிவிட அனுமதியையோ நாடுபவர்கள் இருக்கிறார்கள். அது நேர்மையான வழி. ஆயினும் ஒன்றியத்துக்குள் குடியிருப்பவராகிவிட்டால், ஒன்றியத்துக்கு வெளியே பதிவான படகை வரியின்றி அங்கே வைத்திருக்கும் சலுகை உங்களுக்குக் கிடையாது. மனிதனுக்கு நாள் கிடைக்கும், படகுக்கு வரி விழும். விசாவுக்கு விண்ணப்பிக்குமுன் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

வீட்டை விற்பது பற்றி. விற்க வேண்டாம்; முதல் ஆண்டிலாவது வேண்டாம். இதற்கு உணர்ச்சி சார்ந்த காரணத்தோடு நடைமுறைக் காரணமும் உண்டு. பிரித்தானியாவின் சிறு படகுப் பதிவேட்டில் எளிதாகவும் மலிவாகவும் படகைப் பதிவு செய்ய, ஆண்டுக்கு குறைந்தது 185 நாட்கள் நீங்கள் அங்கே வசிப்பவராக இருக்க வேண்டும். கிரேக்கத்தில் 90, துருக்கியில் 90 போக, ஆண்டில் மிஞ்சுவது 185 நாட்கள்! முதல் ஆண்டை இப்படிச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால் பதிவும் நிற்கும், மருத்துவரும் உறவினர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள், படகு வாழ்க்கை ஒத்துவராவிட்டால் திரும்புவதற்கு ஒரு கதவும் இருக்கும்.

இனி, முதல் ஆண்டுக்குப் பிறகு நீங்கள் படகிலேயே கழிக்க நினைக்கும் குளிர்காலம். அக்டோபர் கடைசியில் இந்தக் கடலின் குணம் மாறுகிறது. தெற்கிலிருந்து ஷிரோக்கோ காற்று, சஹாராவின் செம்மண் தூளைச் சுமந்து வந்து, மழையோடு படகின் மீது சேறாகக் கொட்டும். கோடையில் நங்கூரமிட்ட குடாக்களில் பலவும் தெற்குக் காற்றுக்குத் திறந்தவை. அவற்றில் குளிர்காலத்தில் தங்க முடியாது. அதனால் படகில் வாழ்பவர்கள் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஒரு மரினாவில் (கட்டணத்துக்குப் படகு நிறுத்தும் துறையில்) ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டமாகத் தங்குகிறார்கள். சிசிலியின் தென்கரையில் மரினா தி ரகூஸாவும் லிகாத்தாவும், ஸ்பெயினில் கார்த்தஹேனாவும் அல்மெரிமாரும், துனீசியாவில் மொனாஸ்தீரும், துருக்கியில் மார்மாரிஸும் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர்போன ஃபினிகேயும், கிரீட் தீவில் அயியோஸ் நிகோலாஸும் இதற்குப் பெயர்பெற்றவை. ஆறு மாதக் குளிர்கால ஒப்பந்தத்துக்கு ஆகும் பணம், கோடை உச்சத்தில் சில வாரங்களுக்கு ஆகும் பணத்தைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு.

பனி கொட்டாது, சிசிலியின் பகல்கள் லண்டனின் ஏப்ரல் மாதத்தைப் போன்றவைதாம். தொல்லை தருவது குளிரைவிட ஈரம். கண்ணாடி இழையால் ஆன படகின் உட்சுவரில், இரண்டு பேர் மூச்சு விடுவதாலும் சமைப்பதாலும் இரவெல்லாம் நீர்த்துளிகள் கோக்கும். மெத்தையின் அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும். அலமாரியில் இருக்கும் பருத்திப் புடவை தொட்டால் சில்லென்றிருக்கும். ஈரம் உறிஞ்சும் கருவியும், மெத்தைக்குக் கீழே காற்றோடும் சட்டமும், கரை மின்சாரமும் இல்லாமல் அங்கே குளிர்காலத்தைக் கழிக்க முயல வேண்டாம். சூடேற்ற எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்குவது ஆளைக் கொன்றுவிடும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறையில் பொருத்தாத படகில் நான் ஓர் இரவும் தங்குவதில்லை.

ஈரத்தைவிடப் பலரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது தனிமை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியர், வீட்டை விற்றுவிட்டு வந்து, கோடை முழுவதும் மகிழ்ச்சியாகச் சுற்றி, யாரும் தங்காத சிறிய துறை ஒன்றில் மலிவு என்பதற்காகக் குளிர்காலத்துக்குக் கட்டினார்கள். கணவருக்குப் படகில் செய்ய ஆயிரம் வேலை இருந்தது. அந்த அம்மாவுக்கோ பேச ஓர் ஆள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மூடிக் கிடந்த கடைகள் மட்டுமே. பிப்ரவரியில் படகை விலைக்குப் போட்டார்கள். மலிவான துறையைத் தேடாமல், மனிதர்கள் இருக்கும் துறையைத் தேடுங்கள். மேலே சொன்ன மரினாக்களில் காலையில் வானொலிக் கருவியில் எல்லோரும் பேசிக்கொள்ளும் வழக்கமும், மொழி வகுப்பும், சேர்ந்து உண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளும் இருக்கும். உங்கள் துணைவியார் சம்மதித்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்மதம் வேறு, விருப்பம் வேறு என்பதை உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை; ஆனாலும் கேட்டுவிட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். இந்த நவம்பரில் இருவரும் விமானத்தில் வந்து, அப்படியொரு மரினாவுக்குப் பக்கத்தில் பத்து நாள் வாடகை அறையில் தங்கி, படகுகளில் வாழும் பெண்களிடம் அவரைத் தனியாகப் பேச விடுங்கள். முன்பணம் கட்டுவதைவிட அந்தப் பத்து நாள் பயனுள்ளது.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். வல்வெட்டித்துறைக்காரரான உங்களுக்கு வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் இருப்பது புதிதல்ல. உங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், உங்கள் ஊரவர்களைக் கொண்டே சூயஸ் வழியாக இதே மத்தியதரைக் கடலைக் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது; அந்தக் கப்பலின் மாலுமித் தலைவரான தண்டையலுக்கும் இங்குள்ள காற்றுகளின் பெயர்கள் புதியவையாக இருந்திருக்கும். நம் காற்றுகள் பருவத்துக்குக் கட்டுப்பட்டவை. வாடைக்காலம், சோளகக்காலம் என்று மாதம் சொல்லி வரும். மத்தியதரைக் காற்றுகளில் பல இடத்துக்குக் கட்டுப்பட்டவை. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக நெருக்கப்பட்டு லயன்ஸ் வளைகுடாவில் பாய்வது மிஸ்ட்ரல். தினாரிக் மலைகளின் மேல் தேங்கும் குளிர்காற்று சரிவில் உருண்டு அட்ரியாட்டிக் கடலில் விழுவது போரா; மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசும். இவை ஆண்டின் எந்த மாதத்திலும் வரலாம்.

ஈஜியன் கடலின் மெல்டெமி மட்டும் நம் சோளகம்போலக் காலம் பார்த்து வரும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வடக்கிலிருந்து, நாட்கணக்கில், மேகமே இல்லாத நீலவானத்தின் கீழ் வீசும். வானத்தைப் பார்த்து அதைக் கணிக்க முடியாது. தீவுகளின் தெற்குப் பக்கம் காற்று குறையும் என்று நினைத்து ஒதுங்கினால், மலையிலிருந்து இறங்கும் வீச்சு இன்னும் கடுமையாக இருக்கும். நான் சொன்ன திட்டத்தில் இதற்கும் இடம் வைத்திருக்கிறேன்: மே தொடக்கத்தில் கிரேக்கத்தின் மேற்குக் கரையிலுள்ள பிரெவேஸாவிலோ லெஃப்காடாவிலோ படகைக் கடலில் இறக்கினால், நீங்கள் பழகிய அயோனியக் கடலில் மே மாதம் முழுவதும் படகைப் பழகலாம், பிறகு கொரிந்து வளைகுடா வழியாகப் போய், மெல்டெமி முற்றுமுன் ஜூன் மாதத்திலேயே ஈஜியனைக் கடந்து, ஜூலை கடைசியில் கோஸிலிருந்தோ ரோட்ஸிலிருந்தோ துருக்கிக்குள் நுழையலாம். கோஜெக், ஃபெத்தியே வளைகுடாக்களில் மெல்டெமியின் வேகம் பெரும்பாலும் தணிந்துவிடும். அங்கே கழிவுநீரைக் கடலில் விட முடியாது; தொட்டியில் சேர்த்து, துறையில் உறிஞ்சக் கொடுத்து, நீல அட்டையில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் வாங்கும் படகில் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

இவற்றைவிடக் கடுமையான புயல்களும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. 2022 ஆகஸ்ட் 18 காலையில் கோர்சிகாத் தீவைத் தாக்கிய இடிப்புயலில் மணிக்கு 224 கிலோமீட்டர் வேகம் பதிவானது. நங்கூரத்தில் நின்ற படகுகள் பல கரையில் வீசப்பட்டன, தீவில் ஐந்து பேர் இறந்தனர். 2024 ஆகஸ்ட் 19 அன்று விடியுமுன், சிசிலியின் போர்ட்டிச்செல்லோவுக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 56 மீட்டர் பாய்மரப் படகு மூழ்கி ஏழு பேர் உயிரிழந்தனர். 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற சூறாவளி, நீங்கள் சுற்றிய அயோனியத் தீவுகளான கெஃபலோனியாவையும் இதாகாவையும் தாக்கியது. கோடை முடிவில் கடல்நீர் நன்றாகச் சூடேறியிருக்கும்போது இத்தகைய புயல்களுக்குத் தீனி கிடைக்கிறது. ஆகவே ஆகஸ்ட் நடுவிலிருந்து, இடிமழை முன்னறிவிப்பு உள்ள இரவுகளில் திறந்த குடாவில் தங்காதீர்கள். மேல்தளத்தில் எதையும் கட்டாமல் விடாதீர்கள். கதவுகளையும் சன்னல்களையும் அடைத்துவிட்டு, இயந்திரச் சாவியும் உயிர்காப்புச் சட்டைகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கப் படுங்கள்.

நங்கூரம்தான் உங்கள் வீட்டின் அஸ்திவாரம். இந்தக் கடலில் அலைநீர் ஏற்றவற்றம் பல இடங்களில் ஒரு சாணுக்கும் சற்று மேல்தான் என்பதால், சொலென்ட்டில் கற்ற கணக்குகளில் பாதி இங்கே தேவைப்படாது. அதற்குப் பதிலாகக் கடலடித் தரையைப் படிக்கக் கற்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது வெளிர்நீலமாகத் தெரிவது மணல். கருமையாகத் தெரிவது பெரும்பாலும் பொசிடோனியா என்ற கடற்புல். இந்தக் கடலுக்கே உரிய அந்தப் புல் மிக மெதுவாக வளர்வது. ஒரு நங்கூரம் பிய்த்தெறிந்த பரப்பு மீள மனித ஆயுளே போதாமல் போகலாம். மல்லோர்கா அடங்கிய பலேயாரிக் தீவுகள் 2018இல் பிறப்பித்த ஆணையின்படி அதன்மேல் நங்கூரமிடுவது தண்டத்துக்குரிய குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, அந்தப் புல்லில் நங்கூரம் பிடிக்காது, பிடித்ததுபோல் நடிக்கும். கோர்சிகாவின் மேற்குக் கரையில் ஒருநாள் மாலை மங்கலில் அவசரப்பட்டுப் புல்மேல் நங்கூரமிட்டேன். பின்னோக்கி இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தபோது நின்றது. இரவு இரண்டு மணிக்குக் காற்று திசை மாறியதும், ஒரு கட்டுப் புல்லை அணைத்துக்கொண்டு நங்கூரம் நகரத் தொடங்கியது; எச்சரிக்கை மணி அடித்து நான் மேலே வந்தபோது பாறைக்கும் எனக்கும் இரண்டு படகு நீளமே இருந்தது. அன்றிலிருந்து, வெளிச்சம் இருக்கும்போதே வந்துசேர்வதும், முகக்கண்ணாடி போட்டு நீரில் இறங்கி நங்கூரத்தைக் கண்ணால் பார்ப்பதும் எனக்கு விதி. ஆழம் 6 மீட்டர், படகின் அணியம் (முன்முனை) நீருக்கு மேல் 1.5 மீட்டர் என்றால், இரண்டையும் கூட்டி ஐந்தால் பெருக்கி, 37.5 மீட்டருக்குக் குறையாமல் சங்கிலி விடுங்கள். படகில் குறைந்தது 60 மீட்டர் சங்கிலி வேண்டும்.

நீச்சல் தெரியாதவர் படகில் வாழலாமா என்றால், வாழலாம். ஆனால் கற்றுக்கொள்வது நல்லது. 57 வயதில் கற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். லண்டனின் சூடான நீச்சல்குளத்தில் இந்தக் குளிர்காலமே தொடங்கலாம். ஆனால் என் பெரிய கவலை அவரைப் பற்றியது அல்ல, உங்களைப் பற்றியது. இருவர் மட்டும் இருக்கும் படகில் நீங்கள் கடலில் விழுந்தால், உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். பாயைத் தளர்த்திப் படகை நிறுத்துவது, விழுந்த இடத்தைக் கருவியில் குறிப்பது, வானொலியின் சிவப்புப் பொத்தானை அழுத்தி 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்பது, இயந்திரத்தை இயக்கித் திரும்பி வருவது, 80 கிலோ எடையைக் கப்பியால் மேலே தூக்குவது ஆகிய ஐந்தையும் அவர் தனியாகச் செய்து பார்த்திருக்க வேண்டும். கணவர் மட்டும் மாலுமி, மனைவி பயணி என்ற ஏற்பாட்டோடு எந்தப் படகும் துறையை விட்டுப் புறப்படக் கூடாது. அவருக்கும் பயிற்சிச் சான்றிதழ் எடுத்துக் கொடுங்கள். உங்கள் சான்றிதழைச் சர்வதேசத் தகுதிச் சான்றிதழாக மாற்றிக்கொள்வதோடு, வானொலி இயக்குநர் சான்றையும் எடுத்துவிடுங்கள். துறைமுக அதிகாரிகள் மூலப்படியைக் கேட்பார்கள்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். 13 மீட்டர் உங்களுக்கு ஒரு மீட்டர் அதிகம். மரினாக் கட்டணங்கள் நீளப் படிகளாக உயர்பவை. 12 மீட்டரில் ஒரு படி இருக்கும். கிரேக்கம் 7 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளிடம் வாங்கும் பயண வரியும், 12 மீட்டர் வரை நீளப் படிக்கு ஒரு தொகையாக இருந்துவிட்டு, அதற்கு மேல் மீட்டருக்கு இவ்வளவு என்று மாறிவிடுகிறது. அதைவிட முக்கியம், இங்கே படகைக் கட்டும் முறை. முன்பக்கம் நங்கூரத்தை இறக்கிவிட்டு, இரு படகுகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் பின்புறமாக ஓட்டி வந்து, பின்பகுதியைத் துறையில் கட்ட வேண்டும். குறுக்குக் காற்றில் இதை இருவராகச் செய்யும்போது அந்த ஒரு மீட்டரின் கனம் தெரியும்.

‘எல்லா வசதிகளும் உண்டு’ என்ற விளம்பரத்தில் சொல்லாதது அந்த வசதிகளின் வயது. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் எப்போது மாற்றப்பட்டன? பல காப்பீட்டு நிறுவனங்கள் 10 முதல் 15 ஆண்டுக்குள் மாற்றியிருக்க வேண்டும் என்கின்றன. இருபது ஆண்டுக் கம்பியோடு காப்பீடு கிடைப்பது அரிது, காப்பீடு இல்லாமல் மரினாவில் இடம் கிடைக்காது. படகின் அடிப்பகுதி வழியாக இறங்கும் உந்துகால் வகை இயந்திரமாக இருந்தால், அதைச் சுற்றி நீரை அடைத்துநிற்கும் ரப்பர் சவ்வின் வயதைக் கேளுங்கள். 7 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது வோல்வோ பென்டா. நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள வால்வுகளைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போய்விட்டது, ஒரு நாள் அது கையோடு உடைந்து வரும். இவற்றையெல்லாம் படகைக் கரையேற்றிப் பார்க்கும் ஆய்வாளரை நீங்களே தேர்ந்தெடுங்கள். விற்பவரோ தரகரோ சிபாரிசு செய்பவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அது பெரும்பாலும் நீங்கள் எத்தனை இரவு மரினாவில் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தத் தொழிலில் நாங்கள் வைத்துக்கொள்ளும் உத்தேசக் கணக்கு, படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுப் பராமரிப்புக்கு என்பது; பழைய படகுக்கு முதல் ஆண்டில் அதைப்போல் இரு மடங்கு ஒதுக்குங்கள். பலேயாரிக் தீவுகளிலும் சார்டினியாவிலும் ஆகஸ்டில் ஒரு இரவுக்கு 100 யூரோவைத் தாண்டும் துறைகள் உண்டு; கிரேக்கத்துச் சிறு ஊர்த்துறையில் அதில் சிறு பகுதிதான் ஆகும்; நங்கூரத்தில் நின்றால் ஒன்றுமில்லை. பிரித்தானியச் சுகாதார அட்டை ஒன்றிய நாடுகளின் அரசு மருத்துவமனைகளில் செல்லும், துருக்கியில் செல்லாது. எனவே தனி மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

சமையலைப் பற்றி உங்கள் துணைவியார் கேட்கச் சொன்னதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். பிரஷர் குக்கரைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். எரிவாயுவும் தண்ணீரும் அளந்து செலவிடும் இடத்தில் அதைவிடப் பயனுள்ள பாத்திரம் இல்லை. மூடி பூட்டியிருப்பதால் படகு ஆடும்போது கொதிநீர் மேலே கொட்டும் ஆபத்தும் குறைவு. அரிசி கழுவிய நீரைக் காய்கறி கழுவவும், அதைப் பாத்திரத்தின் முதல் கழுவலுக்கும் வைத்துக்கொண்டால், 400 லிட்டர் தொட்டி இருவருக்கு இரண்டு வாரம்கூட வரும். குளிர்பதனப் பெட்டிதான் மின்சாரத்தை அதிகம் தின்பது; 400 வாட் சூரியத் தகடு கோடையில் அதற்கும் விளக்குகளுக்கும் போதும். மின்பொறியாளரான உங்களுக்கு அந்தக் கணக்கை நான் சொல்லத் தேவையில்லை.

முன்பணத்தை இந்த மாதம் கட்டாதீர்கள். அந்தப் படகு போனால் போகட்டும். குளிர்காலத் துறைவாடகை கட்ட மனமில்லாமல் விற்பவர்கள் இலையுதிர்காலத்தில் லெஃப்காடாவிலும் பிரெவேஸாவிலும் பலர் இருப்பார்கள், விலையும் அப்போது இறங்கும். எந்தப் படகானாலும், ஆய்வறிக்கையும் கடலோட்டமும் திருப்தி தராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். கடலோட்ட நாளன்று உங்கள் துணைவியாரும் உடன் வர வேண்டும். சுக்கானை அவர் பிடிக்கட்டும், நங்கூரத்தை அவர் இறக்கி அவரே ஏற்றட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். கரைக்குத் திரும்பிய பின் அவர் அந்தப் படகைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதை, ஆய்வறிக்கையோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். அதன் பிறகு விலையைப் பேசலாம்.